யோபுவின் மூன்று பெண்மக்கள்

(தவக்காலத்தில் நாகர்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘பாடுகளும் சுதந்தரமும்.’ அழைப்பிதழைப் பார்த்த என் நண்பர் ஒருவர், “சுதந்திரம் என்பதைத் தப்பாக அச்சடித்துவிட்டார்களே” என்று வருத்தப்பட்டார். தப்பில்லை. சுதந்திரம் என்றால் விடுதலை. சுதந்தரம் என்றால் தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு வருகிற உரிமைச் சொத்து. நம்முடைய பழைய வேதாகம மொழிபெயர்ப்பு காப்பாற்றி வைத்திருக்கும் சொல் அது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இதையே உரிமைப்பேறு என்று வாசிக்கிறோம்.

பாடு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பாடுபட்டால் பலன் உண்டு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வயலில் அது சரி. அந்தக் கணக்கை அப்படியே விசுவாசத்துக்குள் கொண்டுவந்துவிட்டோமோ என்பதுதான் என் கவலை. இங்கே பாடுபடு, அங்கே பலன் வாங்கு என்று நினைத்தால், சுதந்தரம் கூலியாகிவிடும். கூலியை வேலைக்காரன் வாங்குவான். சுதந்தரத்தைப் பிள்ளை பெறுகிறது. இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு பையன் பைக் விபத்தில் இறந்துபோனான். கல்லூரி முடிக்கவில்லை. வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளே கண்ணாடிப் பெட்டி. தாய் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சபையின் மூத்தவர் ஒருவர் வேதத்தோடு வந்தார். நல்ல மனுஷர்; ஆறுதல் சொல்லத்தான் வந்தார். “ஆண்டவர் சோதிக்கிறாரம்மா. யோபுவைப் பாருங்க. எல்லாம் போச்சு. கடைசியில ரெண்டு மடங்கா கிடைச்சுது” என்றார்.

அந்தத் தாய் தலையை நிமிர்த்திச் சொன்னார்: “எனக்கு ரெண்டு மடங்கு வேண்டாம் அண்ணாச்சி. எம் பிள்ள ஒருத்தன் போதும்.”

பந்தலில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மா தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தார். சட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தாயின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாயங்காலம் அடக்கத்துக்கு எடுக்கும்வரை எழுந்திருக்கவும் இல்லை. அவரும் ஒரு பிள்ளையைப் புதைத்தவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றிரவு யோபு புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து 42ஆம் அதிகாரம்வரை வாசித்தேன். பெரியவர் சொன்னதும் அதில் இருக்கிறது, அந்தத் தாய் சொன்னதும் இருக்கிறது. நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்டிராத ஒன்றும் அதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

யோபுவின் மூன்று நண்பர்களை எல்லாருக்கும் தெரியும். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். அவர்களை நாம் எளிதில் குறை சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர்கள் முதலில் செய்தது எவ்வளவு பெரிய காரியம்! சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் உடம்பைச் சுரண்டிக்கொண்டிருந்த மனிதனோடு ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறக்கவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நண்பர்கள். எட்டாம் நாள் பேச ஆரம்பித்தபோதுதான் நியாயாதிபதிகள் ஆனார்கள். ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இது வந்தது என்று ஆளுக்கு ஆள் அடுக்கினார்கள். கடவுள் பக்கம் நின்று பேசுவதாகத்தான் அவர்களுக்கு எண்ணம்.

முடிவில் கடவுள் கொடுத்த தீர்ப்பு என்ன? கடவுளுக்காக வாதாடிய அந்த மூவர்மேலும் அவருக்குக் கோபம். கடவுளோடே வழக்காடிய யோபு சரியாகப் பேசினான் என்று அவரே சொல்கிறார். துன்பத்தில் கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று நினைக்கிற ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பை ஒருமுறை நின்று வாசிக்க வேண்டும். தன் நியாயத்தைக் கேட்கிற உரிமை பிள்ளைக்கு உண்டு. யோபு கேட்டதை எல்லாம் பிள்ளையின் உரிமையோடுதான் கேட்டான்.

இனி ‘ரெண்டு மடங்கு’ கணக்குக்கு வருவோம். முதல் அதிகாரத்தில் யோபுவுக்கு 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர்மாடுகள், 500 கழுதைகள். கடைசி அதிகாரத்தில் 14,000 ஆடுகள், 6,000 ஒட்டகங்கள், 1,000 ஏர்மாடுகள், 1,000 கழுதைகள். கச்சிதமான இரட்டிப்பு. பிள்ளைகள்? முதலில் ஏழு ஆண்பிள்ளைகள், மூன்று பெண்பிள்ளைகள். கடைசியிலும் ஏழு ஆண், மூன்று பெண். இரட்டிக்கவில்லை.

ஏன்? மாட்டுக்கு மாடு ஈடாகும். பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகுமா? இறந்துபோன பத்துப் பேரும் கடவுளிடத்தில் உயிரோடிருக்கிறார்கள், ஆகவே இந்தப் பத்தோடு சேர்ந்து பிள்ளைகளும் இரட்டிப்புத்தான் என்று பழைய விளக்கவுரைகாரர்கள் சொல்வதுண்டு. அது நம்முடைய உயிர்த்தெழுதல் நம்பிக்கையோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் புத்தகம் எழுதியவர் அந்தத் தாயின் மனசை அறிந்துதான் எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. போன பிள்ளைக்கு மடங்கு கிடையாது. அந்த இடம் அப்படியேதான் இருக்கும். யோபு அந்த வெற்றிடத்தோடுதான் மிச்சமுள்ள 140 வருஷமும் வாழ்ந்தான்.

அப்படியென்றால் துன்பத்தால் யோபுவின் வீட்டில் எதுவும் மாறவில்லையா? மாறியது. இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முதல் அதிகாரத்தில் யோபுவின் பெண்மக்கள் எங்கே வருகிறார்கள்? அண்ணன் தம்பிகள் முறைவைத்து அவரவர் வீட்டில் விருந்து வைக்கிறார்கள். சகோதரிகள் மூவரையும் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். வீடு ஆண்பிள்ளைகளுடையது. பெண்பிள்ளைகள் வந்துபோகிற விருந்தாளிகள். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் அங்கே பெயர் சொல்லப்படவில்லை.

கடைசி அதிகாரத்தில் ஏழு ஆண்பிள்ளைகளுக்கு இப்போதும் பெயரில்லை. பெண்பிள்ளைகள் மூவருக்கும் பெயர் இருக்கிறது. எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். அடுத்து ஒரு வாக்கியம் வருகிறது. அவர்களுடைய தகப்பன் அவர்களுக்கும் அவர்கள் சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் என்று பொருள்படும் வாக்கியம். விருந்தாளியாக வந்துபோனவர்கள் பங்காளிகள் ஆனார்கள்.

இது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை. மோசேயின் காலத்தில் செலோப்பியாத்தின் ஐந்து பெண்மக்கள் எல்லார் முன்னிலும் வந்து நின்று தகப்பன் சொத்தைக் கேட்டார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் என்று கர்த்தர் சொன்னார். எண்ணாகமம் 27ஆம் அதிகாரம். ஆனால் அங்கேகூட, ஆண்பிள்ளை இல்லாத வீட்டில்தான் பெண்பிள்ளைக்குச் சொத்து. யோபுவுக்கு ஏழு ஆண்பிள்ளைகள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை. தானாகக் கொடுத்தான்.

ஏன் கொடுத்தான் என்று புத்தகம் காரணம் சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. 24ஆம் அதிகாரம். சாம்பலில் உட்கார்ந்திருக்கும்போது யோபு பேசுகிற பேச்சு. தன் புண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஊரைப் பற்றிப் பேசுகிறான். எல்லைக் கல்லை நகர்த்துகிறவர்கள், திக்கற்ற பிள்ளையின் கழுதையை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், விதவையின் மாட்டை அடகாகப் பிடிக்கிறவர்கள், இரவில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் மலைமழையில் நனைந்து பாறையை ஒட்டிக்கொண்டு கிடக்கிறவர்கள். பணக்காரனாக இருந்தபோதும் யோபு தர்மவான்தான், ஏழைக்குக் கொடுத்தவன்தான். ஆனால் கொடுக்கிற கை மேலே இருந்தது. சாம்பலில் உட்கார்ந்த பிறகு, சொத்து என்பது கீழே இருப்பவன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்தான். யாருக்குப் பங்கே இல்லாமல் வைத்திருக்கிறோம் என்று பார்த்தான். சொத்து திரும்பிவந்தபோது அவன் பழைய பத்திரத்தையே எழுதவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். பாடுகள் சுதந்தரத்தின் விலையாக இருந்ததே இல்லை. இந்தச் சுதந்தரத்தில் இன்னும் யாருக்கெல்லாம் பங்கு உண்டு என்பதைச் சுதந்தரவாளி கற்றுக்கொள்கிற இடம் அது.

இந்த வெளிச்சத்தில் பவுலைப் படித்துப் பாருங்கள். ஏறக்குறைய கி.பி. 57இல் ரோமாபுரியில் இருந்த சபைக்கு எழுதுகிறார். 8ஆம் அதிகாரத்தில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நாம் பிள்ளைகள் என்கிறார். பிள்ளைகள் ஆனதால் சுதந்தரர் என்கிறார். கிறிஸ்துவோடு உடன்சுதந்தரர் என்கிறார். அதற்குப் பிறகுதான் அவரோடுகூடப் பாடுபடுவதைப் பற்றிப் பேசுகிறார். பாடுபட்டுப் பிள்ளையாகிறவர் யாருமில்லை. பிள்ளையான பிறகு, மூத்த சகோதரர் நடந்த வழியில் கூட நடக்கிறோம். கேட்டவர்களுக்கு ரோமாபுரிச் சட்டம் தெரியும். அந்தச் சட்டத்தில் சுவிகாரம் எடுக்கப்பட்டவன் பெற்ற பிள்ளைக்குச் சமமான வாரிசு. பழைய குடும்பத்துக் கடன் அவனைத் தொடராது. அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் உட்கார்ந்திருந்த சபையில் இந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! தன் பெயரில் ஒரு சாண் நிலமில்லாதவனைப் பார்த்து, நீ உடன்சுதந்தரன் என்று சொன்னால்?

உடன்சுதந்தரர் என்ற சொல்லுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர்ச் சொத்து பங்கு பிரித்தால் குறையும். பத்து ஏக்கர் நாலு பேருக்கு இரண்டரை. அடுத்த தலைமுறையில் வரப்புச் சண்டை. கிறிஸ்து தம் சுதந்தரத்தைப் பங்குவைத்தால் குறைவதில்லை. ஆண்டவர் சொன்ன திராட்சத்தோட்ட உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். இவன் சுதந்தரவாளி, இவனைக் கொன்றால் சொத்து நமக்கு என்று குத்தகைக்காரர்கள் மகனைக் கொன்றார்கள். சிலுவையில் நடந்ததும் அதுதான். ஆனால் உயிர்த்தெழுந்தவர் என்ன செய்தார்? தம்மை விட்டு ஓடிப்போனவர்களைச் சகோதரர் என்று அழைத்தார். கொல்லப்பட்ட சுதந்தரவாளி திரும்பிவந்து, தகுதியே இல்லாதவர்களைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். யோபுவின் வீட்டில் மூவருக்குத் திறந்த கதவு கல்வாரியில் எல்லாருக்கும் திறந்தது.

இந்தச் சுதந்தரம் ரத்தவழியில் மட்டும் இறங்குவதில்லை. அதற்குச் சாட்சி தேடி நாம் எங்கேயும் போகவேண்டாம். இதே நாகர்கோவிலின் கோட்டாற்றில், புனித சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர் நமக்குச் சாட்சி.

1741இல் குளச்சல் போர் நடந்தது. டச்சுக் கம்பெனியின் படையில் வந்த டிலனாய் என்ற தளபதி திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டார். பிறகு அந்த மன்னரிடமே படைப்பயிற்சி கொடுக்கும் பணியில் சேர்ந்தார். சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அவரோடு பழகியவர் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன். அரண்மனைப் பணியில் இருந்தவர், வசதியான குடும்பம். அடுத்தடுத்து வீட்டில் இழப்புகள். மாடு கன்றுகள் செத்தன, விளைச்சல் போயிற்று. மனமொடிந்திருந்த நீலகண்டனுக்கு டிலனாய் சொன்ன கதை எது தெரியுமா? யோபுவின் கதை.

இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். தோற்றுப்போன ஒரு சிப்பாய். நாடு போனது, மானம் போனது. அவர் கையில் மிச்சமிருந்தது பிறந்த வீட்டில் கேட்ட ஒரு கதை. அதை, மொழி வேறு, நாடு வேறு, மதம் வேறு என்றிருந்த இன்னொரு துயரப்பட்ட மனிதனுக்குப் பங்கு கொடுத்தார். துன்பம் அனுபவித்தவன் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தக் கதை நீலகண்டனைப் போய்த் தொட்டது என்பது என் நம்பிக்கை.

1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்று பெயர். கடவுள் துணை என்பது அந்தப் பெயரின் பொருள், தமிழில் தேவசகாயம். அவர் மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். தேவசகாயம் சாதி பார்க்காமல் எல்லாரோடும் உட்கார்ந்து பழகினார், உண்டார். 1749இல் கைதானார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ஆம் நாள் ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அப்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. பொருத்தமான காரியம். பிறப்பால் வந்த அந்தச் சுதந்தரத்தை அவர் உயிரோடிருந்தபோதே இறக்கி வைத்துவிட்டார்.

சுதந்தரத்தைப் பெற்ற நாம் அதை என்ன செய்தோம்? இதை மறைக்காமல் பேசியாக வேண்டும்.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் இரண்டு கால்கள்போலப் பிரிந்து பீடத்தில் வந்து சேரும். ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு இன்னொரு பக்கம். கால்சட்டை போன்ற கோயில் என்று வெளியார் பேசும்படி இருந்தது. ஒரே அப்பம், ஒரே பாத்திரம், நடுவில் சுவர். 1910இல் தடுப்பை இடித்தார்கள். அதை எதிர்த்து, பிரிவினை எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். எந்த உரிமையைச் சுதந்தரம் என்று பிடித்துக்கொண்டோம் பாருங்கள்! இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்திருக்கும் ஊர்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. உயிர்த்தெழும் நாளிலும் அந்தச் சுவர் நிற்கும் என்று நினைக்கிறோமா?

பெண்மக்கள் காரியத்துக்கு வருகிறேன். 1916இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களை அது முக்கியமாகக் கட்டுப்படுத்தியது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகனுக்குக் கிடைப்பதில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மகளுக்கு. யோபு புத்தகத்தை ஆண்டாண்டாக ஆலயத்தில் வாசித்த சமூகத்தில் இந்தச் சட்டம் இருந்தது. மேரி ராய் என்ற பெண்மணி உச்ச நீதிமன்றம் போனார். 1986இல் தீர்ப்பு வந்தது: 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. செலோப்பியாத்தின் மகள்கள் நின்றதுபோல அவர் நின்றார். அவரை வாழ்த்தியிருக்க வேண்டிய திருச்சபைத் தரப்பிலிருந்தே எதிர்ப்பும் எழுந்தது என்பது நமக்கு வருத்தமான செய்தி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு ஆபத்தாகிவிடும். பாடுகள் நமக்குக் கற்றுக்கொடுக்கின்றன என்று சொன்னேன். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு யார் முதுகிலும் பாடுகளை ஏற்ற நமக்கு உரிமையில்லை. புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டு ஒரு பெண் ஆலோசனை கேட்டு வரும்போது, “அது உன் சிலுவை, சுமந்துகொள்” என்று சொல்லி அனுப்புகிறோம். அம்மா, அது சிலுவை இல்லை. அது அநியாயம். ஆண்டவர் தம் உயிரைத் தாமே கொடுத்தார், யாரும் அதைப் பிடுங்கவில்லை என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. மனசார ஏற்றுக்கொண்டு இன்னொருவருக்காகச் சுமப்பதுதான் சிலுவை. இன்னொருவன் நம்மேல் போடும் அடியைத் தடுக்க வேண்டும், வெளியே சொல்ல வேண்டும், காவல் நிலையம் போகவேண்டுமானால் போக வேண்டும். அவள் கூடப் போவதுதான் சபையின் வேலை. யோபுவை ஆறுதல்படுத்த வந்து நியாயாதிபதிகளான மூவரின் வரிசையில் நாம் சேர்ந்துவிடக் கூடாது.

முடிக்கப் போகிறேன். பையனை இழந்த அந்தத் தாயைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? சென்ற வருஷம் எங்கள் பகுதியில் இன்னொரு வீட்டில் இளம்பிள்ளை மரணம். நான் போனபோது அவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். வாசல் ஓரத்தில் தூக்குச்சட்டி. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பக்கத்தில், தரையில், வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தார். சபையில் அவருக்குப் பதவி கிடையாது. யாரும் அவரை அனுப்பவில்லை. கஞ்சி கொண்டுவந்த அந்த அம்மாவிடமிருந்து அவருக்கு வந்த சொத்து அது. ரத்த உறவு இல்லை, பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. அவருக்கு ரெண்டு மடங்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஒருத்தனின் இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெறுமையில் இன்னொரு தாய்க்கு உட்கார இடம் கிடைத்தது.

இந்தத் தவக்காலத்தில் உங்களிடம் இரண்டே காரியம் கேட்கிறேன். துக்கவீட்டுக்குப் போனால் முதலில் உட்காருங்கள், வசனம் காத்திருக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் பெட்டியில் இருக்கும் பத்திரத்தையும் உயிலையும் எடுத்துப் பாருங்கள். மகன்களின் பெயர் இருக்கும். மகளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேனாவை எடுங்கள். சாம்பலிலிருந்து எழுந்துவந்த யோபு, எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்ற மூவருக்கும் சகோதரர் நடுவிலே பங்கு கொடுத்தான். அவன் வழியில் வந்தவர்கள் நாம்.